முகத்தில் மங்கும் முதுமைப் புள்ளிகளும்: பூசுவதற்கு முன் அறிய வேண்டியவை

கன்னங்களில் படியும் கருந்திட்டுகள், மூக்கின் மேல் பரவும் பழுப்பு நிறம், வயது ஏறும்போது கன்னப்பொறியிலும் புறங்கையிலும் தோன்றும் புள்ளிகள் ஆகியவற்றுக்காக அரசு மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவுகளை நாடி வருவோர் மிகப் பலர். இவற்றுள் பெரும்பாலானவை உயிருக்குத் தீங்கு செய்வன அல்ல. ஆயினும் நாள்தோறும் பிறர் பார்வையில் படும் முகத்தில் ஏற்படும் மாற்றம் ஒருவரை எவ்வளவு வாட்டும் என்பதை மருத்துவர்கள் அறிவர். வெறும் அழகுக் குறை என்று சொல்லி இதனை ஒதுக்கிவிட இயலாது.

மற்றொரு காரணமும் உண்டு. இன்று புறநோயாளிகள் பிரிவில் காணப்படும் கடினமான முகக் கருமைகளில் பல, நோயினால் மட்டும் விளைந்தவை அல்ல. கருமையைப் போக்குவதற்கென மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பூசப்பட்ட கிரீம்களே அவற்றைக் கடினமாக்கியுள்ளன. எளிதில் கட்டுக்குள் வந்திருக்கக்கூடிய ஒரு மங்கு, தவறான கிரீமை ஆறு மாதம் பூசிய பின்னர், ஆண்டுக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும் நிலைக்குச் சென்றுவிடுகிறது. எனவே எதைப் பூச வேண்டும் என்பதற்கு முன்பாக, முகத்தில் இருப்பது எந்த வகைக் கருமை என்பதையும் கையில் இருக்கும் கிரீமில் என்ன கலந்துள்ளது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

தோலின் நிறம் எவ்வாறு அமைகிறது

மேல்தோலின் அடி வரிசையில் மெலனோசைட்டுகள் எனப்படும் நிறமி உயிரணுக்கள் உள்ளன. இவை மெலனின் என்னும் நிறமியைத் தயாரித்துச் சிறு பொதிகளாக்கிச் சுற்றியுள்ள தோல் உயிரணுக்களுக்கு வழங்குகின்றன. சிவந்த நிறத்தவர்க்கும் கருத்த நிறத்தவர்க்கும் இவ்வுயிரணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. பொதிகளின் அளவும் அவை பரவியிருக்கும் விதமும்தான் மாறுபடுகின்றன. சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து உடலைக் காக்கும் குடையாக மெலனின் செயல்படுகிறது. ஆகவே இயற்கையான மாநிறமோ கருநிறமோ நோயன்று. அதனை மாற்றும் சிகிச்சை மருத்துவத்தில் இல்லை, அதற்கான தேவையும் இல்லை. இக்கட்டுரையில் பேசப்படுவது, ஒருவருடைய இயல்பான நிறத்திலிருந்து ஓரிடம் மட்டும் மாறுபட்டுக் கருப்பது பற்றியே.

மங்கு

இரு கன்னங்களிலும் ஏறக்குறைய ஒரே வடிவில், சில வேளைகளில் நெற்றியிலும் மேலுதட்டின் மேற்புறத்திலும் மூக்கின் மீதும் பழுப்பாகப் படரும் திட்டுகளை நம் மக்கள் மங்கு என்பர். மருத்துவத்தில் இதன் பெயர் மெலாஸ்மா. இதில் அரிப்போ வலியோ இருப்பதில்லை. இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் எனினும், வெயிலில் பணிபுரியும் ஆண்களும் இதற்கு விலக்கல்லர்.

பரம்பரை இயல்பு, பெண்களின் ஹார்மோன் மாற்றங்கள், ஒளி ஆகிய மூன்றும் சேர்ந்தே மங்கு உருவாகிறது. கருவுற்ற காலத்தில் தோன்றும் மங்கு, மகப்பேற்றுக்குப் பின் சில மாதங்களில் பலருக்குத் தானாகவே வெளுத்துவிடுகிறது; சிலருக்கு நிலைத்துவிடுகிறது. கருத்தடை மாத்திரை உட்கொள்வோருக்கும் இது வரலாம். ஒளி என்னும்போது வெயிலை மட்டுமே பலர் எண்ணுகின்றனர். கண்ணாடியை ஊடுருவி வரும் புற ஊதா 'ஏ' கதிர்களும், நாம் கண்ணால் காணும் சாதாரண ஒளியும்கூட மாநிறத் தோலில் மங்கைத் தூண்டக்கூடியவை. பேருந்தின் மூடிய கண்ணாடிச் சன்னலருகே நாள்தோறும் அமர்ந்து செல்பவர் தாம் வெயில் படாமல் பயணிப்பதாகக் கருதுவது சரியன்று. விறகடுப்பின் முன்பும் பெரிய சமையற்கூடங்களிலும் நெடுநேரம் நிற்பவர்களுக்கு வெப்பமும் ஒரு தூண்டுகோலாகிறது.

மங்கு முற்றிலும் குணமாகி இனி வாராது என்று எவரேனும் உறுதி கூறினால் அதனை நம்ப வேண்டாம். இது நீரிழிவைப் போன்று, கட்டுக்குள் வைத்திருக்கத்தக்க ஒரு நாட்பட்ட நிலை. சித்திரை, வைகாசி வெயிலில் மீண்டும் கருப்பதும் கார்த்திகை, மார்கழியில் சற்று வெளுப்பதும் இதன் இயல்பு. ஆண்டின் எந்த மாதத்தில் சிகிச்சை தொடங்கப்பட்டது என்பதைக் கருதாமல் மருந்தின் பலனைப் புகழ்வதிலும் பழிப்பதிலும் பொருளில்லை.

வயதினால் வரும் புள்ளிகள்

பல்லாண்டுகள் வெயில் பட்ட இடங்களில், குறிப்பாகக் கன்னப்பொறி, புறங்கை, முன்கை ஆகியவற்றில், விளிம்பு தெளிவான தட்டையான பழுப்புப் புள்ளிகள் நாற்பது, ஐம்பது வயதுக்குப் பின் தோன்றும். வெண்ணிறத் தோலினர்க்கு முதுமை முதலில் சுருக்கமாக வெளிப்படுகிறது. நமக்கோ பெரும்பாலும் நிறச் சீரின்மையாக வெளிப்படுகிறது. இப்புள்ளிகளோடு, கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் மிளகளவில் கரிய சிறு முண்டுகள் எழுவதும் நம்மிடையே மிகுதி. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் மக்களுக்கும் வரும். இவை மருக்களைப் போலத் தோன்றினும் தொற்றுபவை அல்ல, தீங்கற்றவை. கிரீம் பூசி இவற்றை உதிர்க்க இயலாது. அகற்ற விரும்புவோருக்கு மின்சூட்டு முறையில் சில நிமிடங்களில் அகற்றலாம். திரவ நைட்ரஜனால் உறையவைக்கும் முறையில் நம் தோலுக்கு ஓர் இடர் உண்டு: தோலின் பிற உயிரணுக்களைவிட மெலனோசைட்டுகள் குளிரால் எளிதில் அழிபவை என்பதால், புள்ளி இருந்த இடத்தில் வெண்தழும்பு எஞ்சக்கூடும். நூல் கட்டுதல், சுண்ணாம்பு வைத்தல், அமிலம் தொட்டு வைத்தல் ஆகியவற்றால் புண்ணாகி, முன்பிருந்ததைவிடப் பெரிய கறையுடன் வருவோரை அடிக்கடி காண்கிறோம்.

அழற்சிக்குப் பின் தங்கும் கருமை

முகப்பரு, கொசுக்கடி, அம்மை, சூட்டுக் காயம் என எது ஆறினாலும் அவ்விடத்தில் கருமை தங்குவது மாநிறத் தோலின் பண்பு. இது நாளடைவில் தானே மறையும். ஆனால் மாதங்கள் ஆகும். பருவைக் கிள்ளுவோருக்கு ஒருபோதும் மறையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியுள்ளது. 2006ஆம் ஆண்டை ஒட்டித் தென்னிந்தியாவில் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் தணிந்த சில வாரங்களில் மூக்கு நுனியும் முகத்தின் நடுப்பகுதியும் கருத்துப்போனோர் பலர். இன்றும் அக்காய்ச்சலுக்குப் பின் அவ்வாறு நிகழ்கிறது. சில மாதங்களில் மறையும் அக்கருமைக்குக் கடுமையான கிரீம்கள் தேவையில்லை.

உராய்வும் ஒரு காரணமே. மேல்முதுகிலும் தோள்களிலும் சாம்பல் கலந்த பழுப்பு நிறம் அலையலையாகத் தோன்றினால், குளியலறையில் உள்ள நைலான் நார் அல்லது பீர்க்கங்காய் நாரையே முதலில் ஐயுற வேண்டும். அழுக்கென்று எண்ணி மேலும் அழுத்தித் தேய்க்கத் தேய்க்கக் கருமை மிகுகிறது.

நெற்றியிலும் காதோரத்திலும் கழுத்தின் பக்கங்களிலும் மட்டும் கருத்திருந்தால், தலைமுடிச் சாயத்தை எண்ணிப் பார்க்கவும். அதிலுள்ள பாரா பீனைலீன் டையமின் என்னும் பொருள் ஒவ்வாமை உண்டாக்குவதில் பெயர்பெற்றது. கடையில் விற்கும் கருப்பு மருதாணிப் பொடிகள் பலவற்றிலும் இதுவே கலக்கப்படுகிறது. செயற்கைச் சாயம் கலந்த குங்குமம் நெற்றியின் நடுவே கருமையை உண்டாக்கலாம். ஒட்டுப் பொட்டின் பசையோ இதற்கு மாறாக வெண்புள்ளியை உண்டாக்கக்கூடும். பொட்டு வைக்கும் இடத்தில் நிறம் மாறுவதைக் கண்டவுடன் ஒட்டுப் பொட்டை நிறுத்திவிடுவது நன்று.

உடலின் உள்ளே இருந்து வரும் கருமை

கழுத்தின் பின்புறமும் அக்குளும் தடித்து, வெல்வெட்டுத் துணி போலக் கருத்திருப்பது அழுக்கன்று. உடலில் இன்சுலின் சரிவரச் செயல்படாமையின் வெளி அடையாளம் அது. பருமனான சிறார், சினைப்பை நீர்க்கட்டி உள்ள இளம்பெண்கள், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்போர் ஆகியோரிடம் இதனைப் பெரிதும் காணலாம். கழுத்தைச் சுரண்டித் தேய்க்குமாறு பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர், அதற்குப் பதிலாக அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். உடல் எடை குறையும்போது இக்கருமையும் குறைகிறது. வேறெந்தப் பூச்சும் அந்த அளவுக்குப் பயன் தருவதில்லை. முதியவர் ஒருவருக்கு இது திடீரென்று தோன்றி, உடலும் இளைத்துவந்தால், உட்புற உறுப்புகளில் புற்றுநோய் உள்ளதா என்பதையும் ஆராய வேண்டும்.

விரல் மூட்டுகளும் உள்ளங்கையும் கருத்து, சோர்வும் வாய்ப்புண்ணும் இருந்தால் வைட்டமின் பி12 குறைபாடு இருக்கலாம்; ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டால் கருமை மறையும். உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும் கருத்து, தலைசுற்றல், எடை இழப்பு, உப்பின் மீது மிகுந்த விருப்பம் ஆகியவை சேர்ந்திருந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி பழுதுபட்டிருக்கலாம். நம் நாட்டில் அதற்குக் காசநோயும் ஒரு காரணம். இது அரிதெனினும் காலம் தாழ்த்தினால் உயிருக்கே ஆபத்தானது. சில மருந்துகளாலும் தோல் கருக்கும். தொழுநோய்க்கான குளோஃபாசிமின் அவற்றுள் ஒன்று. சிகிச்சை முடிந்தபின் அந்நிறம் படிப்படியாக நீங்கும் என்பதால் அதற்காக மருந்தை இடையில் நிறுத்தலாகாது.

தேமல் போல் வெளுத்த திட்டில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால் எந்தக் கிரீமும் பூசாமல் உடனே பரிசோதனைக்கு வரவேண்டும். தொழுநோயின் தொடக்கம் அவ்வாறே இருக்கும். அதற்கான மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது.

மூன்று மருந்துகள் கலந்த கிரீம்

1975ஆம் ஆண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்களான கிளிக்மன், வில்லிஸ் இருவரும் கருமைத் திட்டுகளுக்கென ஒரு கலவையை அறிவித்தனர். நிறமி உற்பத்தியைத் தடுக்கும் ஹைட்ரோகுவினோன், தோல் உயிரணுக்களை விரைந்து புதுப்பிக்கும் ட்ரெடினாயின், இவ்விரண்டாலும் ஏற்படும் எரிச்சலைத் தணிக்கும் ஸ்டீராய்டு என மூன்றும் அதில் இருந்தன. அக்கலவை பயனளித்தது, இன்றளவும் பயனளிக்கிறது. அதன் வழிவந்த ஒரு தயாரிப்பு 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது, வீரியம் குறைந்த ஃபுளுவோசினோலோன் என்னும் ஸ்டீராய்டே அதில் 0.01 விழுக்காடு சேர்க்கப்பட்டிருந்தது. எட்டு வாரங்கள் வரையிலான குறுகிய காலப் பயன்பாட்டுக்கென்றே அது ஏற்கப்பட்டது.

நம் நாட்டுக் கடைகளில் பரவியதோ வேறு. 2 விழுக்காடு ஹைட்ரோகுவினோன், 0.025 விழுக்காடு ட்ரெடினாயின் ஆகியவற்றுடன் 0.1 விழுக்காடு மொமெட்டசோன் கலந்த கிரீம்கள் பல பெயர்களில் விற்பனைக்கு வந்தன. மொமெட்டசோன் மேற்கூறியதைவிட வீரியமானது. முகத்தின் மெல்லிய தோலுக்கு நெடுங்காலம் ஏற்றதன்று. இத்துடன் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற மேலும் வலிய ஸ்டீராய்டு கிரீம்களும் முகப் பூச்சுகளாகவே பயன்படுத்தப்படலாயின. விலை மலிவு, தோழியர் பரிந்துரை, பூசிய பத்தே நாளில் முகம் பளிச்சிடுகிறது. ஒரு மருந்து பரவுவதற்கு இவை போதும்.

அந்தப் பளிச்சிடுதல் எதனால் என்பதை அறிய வேண்டும். ஸ்டீராய்டு தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, அழற்சியை அடக்கி, நிறமி உற்பத்தியையும் தற்காலிகமாகக் குறைக்கிறது. ஆனால் தொடர்ந்து பூசும்போது மேல்தோல் மெலிகிறது. மெல்லிய சிவப்பு இரத்தக் குழாய்கள் கன்னத்தில் வெளியே தெரியத் தொடங்குகின்றன. பருக்கள் கொத்துக் கொத்தாக எழுகின்றன. பெண்களுக்கு முகத்தில் முடி வளர்கிறது. வெயிலில் இரண்டு நிமிடம் நின்றாலும் முகம் எரிகிறது. படர்தாமரை இருந்தால் உருமாறிப் பரவுகிறது. கண்ணிமையில் நெடுநாள் பூசினால் கண்ணின் உள் அழுத்தம் உயரக்கூடும்.

இவற்றைவிடக் கொடியது, கிரீமை நிறுத்தியதும் நிகழ்வது. ஓரிரு நாளிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் முகம் சிவந்து, வீங்கி, எரிந்து, பருக்கள் பொங்குகின்றன. மறைந்திருந்த மங்கு முன்பைவிடக் கருமையாகத் திரும்புகிறது. கிரீம் இல்லாததால் இப்படி ஆயிற்று என்று எண்ணி மீண்டும் பூசுகிறார். எரிச்சல் அடங்குகிறது. அன்றிலிருந்து அந்த முகம் அந்தக் கிரீமுக்கு அடிமையாகிறது. இந்திய மருத்துவர்கள் இந்நிலைக்கு 'ஸ்டீராய்டால் சேதமுற்ற முகம்' என்றே பெயரிட்டுள்ளனர். நாட்டின் 12 மையங்களில் முகத் தோல் நோய்களுடன் வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், 433 பேர் ஸ்டீராய்டு கிரீம்களைப் பயன்படுத்திவந்தது தெரியவந்தது. ஏறத்தாழ ஏழில் ஒருவர் என்பது சிறிய எண்ணிக்கையன்று.

2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை அட்டவணை 'எச்' பட்டியலின் கீழ்க் கொண்டுவந்தது. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றி அவற்றை விற்பது சட்டப்படி தவறு. கடைக்காரர் சீட்டுக் கேட்டால் அவரை நொந்துகொள்ள வேண்டாம். அவர் தம் கடமையைச் செய்கிறார்.

கையிலுள்ள குழலைத் திருப்பிப் பார்த்து, மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், டெக்ஸாமெத்தசோன், ஃபுளுவோசினோலோன் ஆகிய பெயர்களுள் ஏதேனும் அச்சிடப்பட்டிருக்கிறதா எனத் தேடவும். எழுத்து மிகச் சிறிதாக இருப்பின் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். இருந்தால், மருத்துவர் எழுதிக்கொடுத்ததா, எத்தனை வாரத்திற்கு என்றார் என்பதை நினைவுகூரவும். நெடுநாளாகப் பூசிவருவோர் எரிச்சலுக்கு அஞ்சித் தொடரவும் வேண்டாம். தாமாகவே திடீரென நிறுத்தி வீட்டில் துன்புறவும் வேண்டாம். தோல் மருத்துவரிடம் காட்டினால், வீரியத்தைப் படிப்படியாகக் குறைத்தோ, உடனே நிறுத்தி எரிச்சலுக்கு வேறு மருந்து கொடுத்தோ அழைத்துச் செல்வார். முகம் இயல்புக்குத் திரும்பச் சிலருக்குச் சில மாதங்களும் சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அந்த முதல் மாதம்தான் கடினமானது. அப்போது வீட்டாரின் ஆதரவு மருந்தளவுக்குத் தேவைப்படுகிறது. "பழைய கிரீமையே பூசு, அப்போது நன்றாக இருந்தாயே" என்ற ஒரு சொல் போதும், சிகிச்சை முறிந்துபோக.

ஹைட்ரோகுவினோனும் தானே முற்றிலும் தீங்கற்றதன்று. மாதக்கணக்கில் இடைவிடாமல் பூசினால், தோலின் ஆழத்தில் நீலம் கலந்த கருமை நிரந்தரமாகப் படியக்கூடும். மங்கு கூடிவிட்டது என்று எண்ணி மேலும் பூசுவோர் இதில் மேலும் சிக்குகின்றனர். ஐரோப்பிய ஒன்றியம் 2001ஆம் ஆண்டிலேயே நிறம் வெளுக்கும் ஒப்பனைப் பொருள்களில் இதைத் தடை செய்தது. மருத்துவர் மேற்பார்வையில், இடைவெளி விட்டு, மூன்று நான்கு மாதங்களுக்கு மிகாமல் பயன்படுத்தினால் இது இன்றும் பயனுள்ள மருந்தே.

பெயரற்ற கிரீம்களில் பாதரசம்

உள்ளடக்கப் பட்டியலோ தயாரிப்பாளர் முகவரியோ இல்லாமல் அழகு நிலையங்களிலும் இணையத்திலும் விற்கப்படும் வெளிநாட்டுக் கிரீம்களில் பாதரசம் இருக்கக்கூடும். பாதரசம் நிறமி உற்பத்தியைத் தடுப்பது உண்மை. தோல் வழியே உட்சென்று அது சிறுநீரகத்தைப் பாழாக்குவதும் உண்மை. 2023ஆம் ஆண்டு கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், சிறுநீரில் புரதம் வெளியேறி உடல் வீங்கிய நோயாளிகள் சிலரின் சிறுநீரகப் பாதிப்புக்கு இத்தகைய முகப்பூச்சுகளே காரணம் என மருத்துவர்கள் கண்டறிந்தனர். கிரீமை நிறுத்தியதும் பலர் தேறினர். முகப்பூச்சு பயன்படுத்துவோருக்குக் காலிலோ முகத்திலோ வீக்கமும் சிறுநீரில் நுரையும் காணப்பட்டால், அப்பூச்சை நிறுத்தி, அதனை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். அதனை வீட்டுக் குழந்தைகளின் கைக்கு எட்ட வைக்கலாகாது.

நிறம் வெளுப்பதற்கெனச் செலுத்தப்படும் குளுட்டாதயோன் ஊசிகளைப் பற்றியும் மக்கள் கேட்கின்றனர். அதன் பலனுக்கும் பாதுகாப்புக்கும் போதிய சான்று இல்லை. இரத்தக் குழாயில் மருந்து ஏற்றுவதால் வரக்கூடிய கடும் ஒவ்வாமை போன்ற இடர்களோ கற்பனையல்ல. இதனைத் தவிர்க்குமாறே அறிவுறுத்துகிறோம்.

எந்தச் சிகிச்சை பயன் தரும்

ஒளியிலிருந்து காத்தலே முதற் சிகிச்சை. அதைச் செய்யாமல் பூசும் எந்த மருந்தும், ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீர்தான். இதற்கான சன்ஸ்கிரீன் களிம்பில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அந்த எண் புற ஊதா 'பி' கதிர்களுக்கானது மட்டுமே. 'ஏ' கதிர்களுக்கு, பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பின் மூன்று கூட்டல் குறிகளாவது உள்ளதா என்று பார்க்க வேண்டும். மங்கு உள்ளோருக்கு, இரும்பு ஆக்சைடு கலந்து தோல்நிறச் சாயலுடன் வரும் வகை கூடுதல் நன்மை தரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது தடுக்கிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்திற்கும் பிதுக்கினால் வரும் அளவு முகத்திற்கும் கழுத்திற்கும் தேவை. பெரும்பாலோர் இதில் கால் பங்குகூடப் பூசுவதில்லை. வெளியே செல்வதற்கு இருபது நிமிடம் முன்பு பூசி, வெளியில் இருக்கும்வரை இரண்டு மூன்று மணிக்கொருமுறை மீண்டும் பூச வேண்டும்.

வயலிலும் கட்டடப் பணியிலும் வியர்வை சிந்துவோர் இதனை நாள் முழுதும் பூசிக்கொண்டிருக்க இயலாது என்பதையும், அதன் விலையையும் அறிந்தே கூறுகிறோம்: அகன்ற விளிம்புத் தொப்பி, அடர்த்தியான பருத்தித் துண்டு, சேலைத் தலைப்பு, கருப்புக் குடை ஆகியவை நல்ல பாதுகாப்பே. முற்பகல் 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை நிழலில் செய்யத்தக்க பணிகளை அமைத்துக்கொள்ள முடிந்தால் பாதிச் சிகிச்சை முடிந்தது எனலாம்.

பூச்சு மருந்துகளில் அசெலாயிக் அமிலம் நம் தோலுக்கு ஏற்றது. மங்குக்கும் பருக் கருமைக்கும் பயன்படும். கருவுற்றோருக்கும் மருத்துவர் அறிவுரைப்படி கொடுக்கத்தக்கது. நியாசினமைடு, கோஜிக் அமிலம், வைட்டமின் சி ஆகியவை மிதமான பலன் தருவன. ட்ரெடினாயின் இரவில் மட்டும் பூச வேண்டியது. தொடக்கத்தில் தோலை உரிக்கும். கருவுற்றோரும் கருவுறத் திட்டமிடுவோரும் தவிர்க்க வேண்டும். மேல்தோல் ஒருமுறை புதுப்பிக்கப்பட ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆவதால், எந்த மருந்தின் பலனையும் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்கு முன் மதிப்பிட முடியாது. பத்து நாளில் பலன் என்று விளம்பரம் செய்யும் பொருளைக் கண்டால், அதில் ஸ்டீராய்டோ பாதரசமோ உள்ளதோ என்று ஐயுறுவதே அறிவுடைமை.

கருமை மேல்தோலில் இருந்தால் விரைவிலும், உட்தோலில் இறங்கியிருந்தால் தாமதமாகவும் குறையும். பூச்சுக்கு அடங்காத மங்குக்கு டிரானெக்சாமிக் அமிலம் என்னும் மாத்திரை பயன்படுகிறது. மாதவிடாயின் மிகு இரத்தப்போக்குக்குக் கொடுக்கப்படும் மருந்தே இது. மங்கின் மீதான அதன் விளைவு 1979ஆம் ஆண்டு ஜப்பானில் முதலில் அறிவிக்கப்பட்டது. 250 மில்லிகிராம் அளவில் நாளுக்கு இருமுறை, சில மாதங்களுக்குக் கொடுப்பது வழக்கம். இரத்தம் உறையும் தன்மையைப் பாதிப்பதால், காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி வந்தவர், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர், கருத்தடை மாத்திரை உட்கொள்வோர், கருவுற்றோர் இதனை உட்கொள்ளலாகாது. தோழிக்குக் கொடுத்த சீட்டைக் காட்டி வாங்கத்தக்க மருந்தன்று இது.

கிளைக்காலிக் அமிலம் போன்றவற்றால் தோலை மெல்ல உரிக்கும் முறை, பயிற்சி பெற்ற மருத்துவர் கையில் துணைச் சிகிச்சையாக உதவும். லேசர் சிகிச்சை முதுமைப் புள்ளிகளுக்கு நன்கு பயன்படலாம், மங்குக்கு அவ்வாறன்று. மாநிறத் தோலில் லேசரின் வெப்பமே புதிய கருமையை உண்டாக்கக்கூடும். வெளுத்த மங்கு திரும்புவதும் வழக்கம். பெருந்தொகை செலுத்தும் முன் இதனைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

சமையலறைப் பொருள்கள்

கடலை மாவும் பயற்றம் மாவும் தோலைத் தூய்மையாக்கும், கருமையை நீக்கா. மென்மையாகத் தேய்க்கும்வரை தீங்கில்லை. எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் செல்வது மட்டும் ஆபத்து. அதிலுள்ள பொருள்கள் வெயிலுடன் வினைபுரிந்து தோலைக் கொப்புளிக்கச் செய்து, வழிந்த கோடுகளின் வடிவிலேயே கருமையைப் பதித்துவிடும். பற்பசை, சமையல் சோடா ஆகியவற்றையும் முகத்தில் பூச வேண்டாம்.

உடனே காட்ட வேண்டியவை

தோலில் தோன்றும் மெலனோமா என்னும் புற்றுநோய் நம் மக்களிடையே அரிது. வரும்போது பெரும்பாலும் முகத்தில் வருவதில்லை. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் வருகிறது. பழைய மச்சம் வேகமாகப் பெரிதாதல், ஒரு பக்கம் போல் மறுபக்கம் இல்லாதிருத்தல், விளிம்பு ஒழுங்கற்றிருத்தல், ஒரே புள்ளியில் பல நிறங்கள் காணப்படுதல், இரத்தம் கசிதல், ஒற்றை நகத்தில் கருங்கோடு அகன்றுகொண்டே வந்து நகக்கண் தோலிலும் பரவுதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்கலாகாது. காலில் முள் குத்திய கருப்பு என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவோர் உண்டு. ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முதியவர்களுக்கு வீட்டிலுள்ளோர் பார்த்துச் சொல்லலாம்.

மருத்துவரைக் காண வரும்போது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் தோல் நோய் மருத்துவரிடம் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பதில் ஐயமிருந்தால் 104 என்ற எண்ணில் கேட்கலாம். இதுவரை பூசிய கிரீம்கள் அனைத்தையும், தீர்ந்துபோன குழல்களையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்து வாருங்கள். உட்கொள்ளும் மாத்திரை அட்டைகள், முடிச் சாயத்தின் உறை, அழகு நிலையத்தில் பெயரின்றிக் கொடுத்த சிறு டப்பா ஆகியவையும் அதில் இருக்கட்டும். என்ன பூசினீர்கள் என்பதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. அந்த விவரமே சிகிச்சையின் போக்கைத் தீர்மானிக்கிறது. முகத்தில் பவுடரோ ஒப்பனையோ இன்றி வருவது நன்று. கருமை தோன்றுவதற்கு முன் எடுத்த புகைப்படம் கைப்பேசியில் இருந்தால் அதனையும் காட்டுங்கள்.